ஒரு கைக்கான மேசை

நிலத்தில் வாழ்பவர்களுக்கு மேசை என்பது ஆராய்ச்சிக்குரிய பொருள் அன்று. நான்கு கால்கள், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். கடையில் வாங்கி வந்து ஓரிடத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும். அதன்மேல் வைத்த செம்பு வைத்தபடியே இருக்கும். நம் வீட்டு மேசைகள் யாவும் கால்களின்மீது நிற்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை, தரை அசையாது என்னும் நம்பிக்கையின்மீதே நிற்கின்றன. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மேசை எப்படி இருக்க வேண்டும் என்னும் கேள்வியோடு நாங்கள் ஓராண்டுக்கும் மேலாக வாழ்ந்தோம்.

நாங்கள் மூவர் உடன்பிறந்தோர். திருகோணமலையில் பிறந்து, எண்பதுகளில் ஒருவர்பின் ஒருவராக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தோம். இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதுவது இளையவர்களாகிய எங்கள் இருவரையும்தான். மூத்தவரைப் பெரியண்ணா என்றே அழைப்போம். கப்பல் இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த அவர், ஓய்வு பெற்றதும் 31 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகொன்றை வாங்கினார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் படகுத்துறையில் அது கட்டப்பட்டிருக்கிறது. கோடைக்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் மூவருக்கும் அதுவே வீடு.

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெரியண்ணாவைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு சில வாரங்களில் திரும்பியது. நடையும் ஊன்றுகோலின் துணையோடு மெல்ல மெல்ல வந்தது. இடது கை மட்டும் திரும்பவில்லை. அடுத்த வசந்தம் வந்தபோது வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அதை அண்ணிதான் கேட்டார். “படகுக்குள் இவர் தாமாக நடமாட முடியுமானால் வைத்திருங்கள். ஒவ்வோர் அடிக்கும் நீங்கள் பிடித்துக்கொண்டு திரிய வேண்டுமானால் அடுத்த வசந்தத்துக்குள் விற்றுவிடுங்கள். அவருக்கு அது நல்லதன்று” என்றார். அதில் எந்தக் கடுமையும் இல்லை. தம் கணவரை நன்கு அறிந்த ஒருவரின் சொல் அது. பிறர் தோளில் தொங்கிக்கொண்டு கடலுக்குப் போவதைவிடக் கரையில் இருப்பதையே பெரியண்ணா விரும்புவார் என்பது எங்களுக்கும் தெரியும்.

அந்தக் கேள்வி எங்களைக் கடைசியில் ஒரு மேசையிடம் கொண்டுவந்து நிறுத்தியது. அது எவ்வாறு என்பதை விளக்குவதற்குப் படகின் உள்ளமைப்பைச் சற்றே சொல்ல வேண்டும்.

மேல்தளத்திலிருந்து நான்கு படிகள் இறங்கினால் படகின் உள்ளறை. படியின் ஒரு பக்கம் சமையல் அடுப்பு, மறுபக்கம் வரைபட மேசை. அடுத்து, சுமார் இரண்டு மீற்றர் நீளமுள்ள நடுக்கூடம். அதன் இரு பக்கங்களிலும் நீண்ட இருக்கைகள் எதிரெதிராக உள்ளன. இரவில் அவையே படுக்கைகள். கூடத்துக்கு அப்பால் குறுக்குத்தடுப்பு, அதன் பின்னே கழிவறை, அதற்கும் அப்பால் அணியத்தின் கூம்பிய அறை. படியிலிருந்து கழிவறைக்கு ஐந்தாறு அடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் அந்த ஐந்தாறு அடிக்குள் படகு இரண்டு முறை புரளும். கூரையோடு ஒட்டிய கைப்பிடிச் சட்டங்கள் இருக்கின்றன. கையைத் தலைக்குமேல் உயர்த்தி, கால்களை நம்பி நடப்பவனுக்கே அவை உதவும். பெரியண்ணாவுக்கு வேண்டியது இடுப்பளவு உயரத்தில் அசையாத ஒன்று. கூடத்தின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் இருக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அதுதான் சாப்பாட்டு மேசை.

பழைய மேசை இதற்குச் சற்றும் உதவாது. தரையில் உள்ள குழிக்குள் செருகிய ஒற்றைக் குழாயின்மேல் நிற்கும் பலகை அது. வேண்டாதபோது கழற்றி, படுக்கையின்கீழ் வைத்துவிடலாம். துறையில் கட்டிய படகில் தேநீர் அருந்த அது போதும். கடலில் யாரேனும் அதைப் பிடித்தால் பிடித்தவரோடு மேசையும் சேர்ந்து போகும். மடக்கவும் கழற்றவும் எளிதாக இருப்பது எதுவோ, அது நம் பாரத்தைத் தாங்கும்போதும் எளிதாகவே மடங்கிவிடும். படகு மேசையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். மடங்காத மேசை வழியை அடைக்கும், மடங்குகிற மேசை ஆளை வீழ்த்தும்.

இந்தச் சிக்கல் புதிதன்று. எங்கள் படகிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஹார்ட்டில்பூலின் பழைய கப்பல்துறையில் மூன்று பாய்மரங்களோடு ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. அதன் பெயர் ‘திருகோணமலை’. எங்கள் ஊரின் பெயரேதான். 1782இல் அவ்வூரின் அருகே நடந்த கடற்போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பம்பாயில் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேட்ஜி பொமன்ஜியின் கண்காணிப்பில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1817ஆம் ஆண்டு அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிக மூத்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டுப் பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டது. ஊரைவிட்டு வந்த எங்களுக்கு, எங்களுக்கு முன்னரே வந்துவிட்ட ஓர் உறவினரைப் போல அது தோன்றும்.

மேசையைப் பற்றிய எண்ணம் வந்ததும் அக்கப்பலின் கீழ்த்தளத்துக்கு மறுபடியும் போனோம். அக்காலத்துப் போர்க்கப்பல்களில் மாலுமிகளின் உணவு மேசை வெறும் பலகைதான். ஒரு முனை கப்பலின் பக்கச்சுவரில் கொக்கியால் மாட்டப்பட்டிருக்கும், மறுமுனை மேல் உத்தரத்திலிருந்து கயிற்றால் தொங்கும். உண்டு முடித்ததும் கழற்றி மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். இரவில் அதே இடத்தில் தூளிப் படுக்கைகள் தொங்கும். ஓர் ஆளுக்கு 14 அங்குல அகலமே கணக்கு. போர் நெருங்கினால் மேசை, பெட்டி, தடுப்புச்சுவர் யாவும் சில நிமிடங்களில் மறைந்துவிட வேண்டும். ஒரே இடம் உண்ணவும் உறங்கவும் போரிடவும் பயன்பட்டது. அங்கே மேசை என்பது ஒரு பொருளாக இல்லாமல், ஒரு வேளையாக இருந்தது என்று சொல்லலாம். உணவு வேளை வரும்போது மேசையும் வரும், அது முடியும்போது மேசையும் போய்விடும்.

அழகான ஏற்பாடுதான். ஆயினும் எங்கள் தேவைக்கு நேரெதிரானது. எங்களுக்கு வேண்டிய மேசை உணவு வேளை முடிந்த பின்னும் போகக்கூடாது.

பின்னர் ஊசல் மேசையை எண்ணிப்பார்த்தோம். திசைகாட்டியை வளையங்களுக்குள் தொங்கவிட்டுக் கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் அது சமனாக நிற்கும்படி செய்வதைப் பலரும் அறிவர். படகின் அடுப்பும் அவ்வாறே தொங்கும். மேசையையும் அதே முறையில், முன்னும் பின்னும் இரண்டு அச்சுகளில் தொங்கவிட்டு, அடியில் ஈயப் பாரம் கட்டினால் படகு சாயும்போது மேசை சமனாகவே நிற்கும். பழைய நெடுங்கடற் படகுகள் பலவற்றில் இத்தகைய மேசைகள் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை.

பாய் விரித்துக் காற்றை ஒருபக்கம் வாங்கி ஓடும் படகு, மணிக்கணக்காக 20 பாகை சாய்ந்தபடி செல்வது சாதாரணம். எங்கள் கூடத்தில் அமையக்கூடிய மேசையின் அகலம் 1130 மி.மீ. படகு 20 பாகை சாயும்போது அம்மேசை சமனாக நிற்க வேண்டுமானால், படகோடு ஒப்பிடுகையில் அதன் ஒரு விளிம்பு சுமார் 190 மி.மீ. கீழிறங்க வேண்டும். இருக்கையில் அமர்ந்தவரின் தொடைக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள இடமோ 100 மி.மீ. மட்டுமே. எனவே மேசை சமனாக நிற்பதற்கு முன்னமே அமர்ந்திருப்பவரின் தொடையை நசுக்கிவிடும். கறியும் சோறும் மேலே ஏற ஏற, அடியில் ஈயமும் கூட வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஊசல் மேசையில் கை வைத்தால் அது நழுவும். எல்லோரும் சாயும்போது தான் மட்டும் சமனாக நிற்கும் பொருள், தட்டிலுள்ள குழம்பைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. படகோடு சேர்ந்து, எங்களோடு சேர்ந்து, தானும் சாய்கிற மேசையே பிடித்துக்கொள்ள ஏற்றது. குழம்புக்கு வேறு வழி தேடலாம் என்று முடிவு செய்தோம்.

இவ்வாறு நாங்கள் வந்து சேர்ந்த வடிவம் எளியது. நடுவில் ஒருபோதும் மடங்காத ஒடுங்கிய தண்டு, அதன் இரு பக்கமும் தொங்கும் இரண்டு சிறகுகள். இவ்வகை மேசை உலகம் முழுதும் படகுகளில் உள்ளதுதான். நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தண்டு 230 மி.மீ. அகலம், 1050 மி.மீ. நீளம், தரையிலிருந்து 700 மி.மீ. உயரம். ஒவ்வொரு சிறகும் 450 மி.மீ. சிறகுகளை விரித்தால் நால்வர் உண்ணலாம். வீட்டில் ஓர் ஆளுக்கு 600 மி.மீ. அகலம் வேண்டும் என்பார்கள். இங்கே 525 மி.மீ.தான் கிடைக்கும். உடன்பிறந்தோருக்கு அது போதும். சிறகுகளைத் தொங்கவிட்டால் எல்லாம் சேர்த்து 300 மி.மீ. அகலம். இரு இருக்கைகளுக்கும் இடைப்பட்ட தூரம் 1100 மி.மீ. ஆகையால் மேசையின் இரு பக்கமும் 400 மி.மீ. வழி மிஞ்சும்.

இந்த 400 மி.மீ. எங்களுக்குள் நீண்ட வாதத்தை எழுப்பியது. ஒரு முழு மனிதன் நேராக நடக்க 400 மி.மீ. போதாது, சற்றே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எனவே மேசையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, ஒரு வழியை அகலமாகவும் மற்றதைக் குறுகலாகவும் ஆக்கிவிடலாமே என்பது எங்களுள் இளையவரின் கருத்து. பல படகுகளில் அவ்வாறு செய்வதும் உண்டு. தாளில் வரைந்து பார்த்தால் அதுவே சரியென்று தோன்றியது.

தாளில் மட்டும் பார்த்து மரம் அறுக்கலாகாது என்பது பெரியண்ணாவின் பழைய விதி. ஆகவே குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி, முழு அளவில் ஒரு மேசை செய்து, அவருடைய வீட்டு விறாந்தையில் நிறுத்தினோம். இரு பக்கமும் இரண்டு நீண்ட வாங்குகளை 1100 மி.மீ. இடைவெளியில் போட்டோம். படியையும் குறுக்குத்தடுப்பையும் தரையில் ஒட்டுநாடாவால் குறித்தோம். பெரியண்ணா ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அந்தப் பொய்ப் படகுக்குள் நடக்கத் தொடங்கினார்.

அவருக்குப் பயன்படும் கை வலது கை. முன்னோக்கிப் போகும்போது மேசை வலப்புறம் இருக்க வேண்டுமானால் அவர் இடப்பக்க வழியாகப் போக வேண்டும். போனார். திரும்பி வரும்போது அதே வழியில் வந்தால் மேசை இடப்புறம் ஆகிவிடும், அந்தக் கைக்குப் பிடிக்கும் வலு இல்லை. குறுக்குத்தடுப்பின் கோட்டில் சற்று நின்றார். பிறகு மேசையின் முனையைச் சுற்றி, மறுபக்க வழியாகத் திரும்பி வந்தார். இப்போதும் மேசை வலப்புறமே இருந்தது. மறுபடியும் ஒரு சுற்றுப் போனார். அட்டை மேசையின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் அவருடைய வலது கை அதன்மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது.

“வலம் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வழியும் சமமாக இருக்கட்டும்” என்றார்.

வலம் வருதல் என்னும் சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! நடுவிலுள்ள பொருளை வலப்பக்கம் வைத்துச் சுற்றி வருவதற்கு நம் மொழி இட்டு வைத்திருக்கும் பெயர் அது. அன்று விறாந்தையில் அச்சொல்லுக்கு ஓர் உடல் கிடைத்ததை நாங்கள் கண்டோம். மேசை நடுவிலேயே நிலைபெற்றது. இரு வழிகளும் 400 மி.மீ. ஆயின. ஒருக்களித்துப் போக வேண்டியிருப்பது குறையாகவும் இல்லை. ஒருக்களித்து நடப்பவன் முகம் மேசையை நோக்கியிருக்கும், கை தானாகவே அதன்மேல் போகும்.

அடுத்து எழுந்த கேள்வி, தண்டை எதனோடு பிணைப்பது என்பது. கூடத்தின் முன்பகுதியில் பாய்மரத்தின் பாரத்தைத் தாங்கும் தூண் ஒன்று தரையிலிருந்து கூரைவரை நிற்கிறது. மேசையின் முன்சட்டத்தை அத்தூணோடு சேர்த்துப் போல்ட்டுகளால் இறுக்கினோம். பின்சட்டத்தைத் தரைப்பலகையோடு மட்டும் பிணைத்தால் போதாது, தரைப்பலகை கழன்று வரக்கூடியது. ஆகவே பலகையைத் துளைத்து, அதன்கீழ் உள்ள குறுக்குவிட்டத்தோடு 8 மி.மீ. துருவேறா எஃகுப் போல்ட்டுகளால் கட்டினோம். அடியில் அகன்ற தகடுகள் வைத்தோம். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே தரை திறந்தே இருக்கிறது. படகின் அடிப்பாரத்தைத் தாங்கும் போல்ட்டுகளையும் அடிநீரையும் அங்கிருந்துதான் பார்வையிட வேண்டும். மேசைக்காக அந்த வாயிலை மூடிவிட்டால் படகுக்கே ஆபத்து.

சிறகுகளின் வேலையில்தான் அதிக நாள் சென்றது. தேக்கில் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை. 18 மி.மீ. தேக்குப் பலகையில் ஒரு சிறகு 5 கிலோவுக்கு மேல் வரும். 12 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புக்கு மட்டும் தேக்குச் சட்டம் வைத்தால் மூன்றரைக் கிலோதான். ஒற்றைக் கையால் தூக்குபவருக்கு அந்த வேறுபாடு பெரிது. ஒட்டுப்பலகையே வென்றது. விளிம்புச் சட்டம் பலகைக்கு மேல் 20 மி.மீ. உயர்ந்து நிற்கும். தட்டு வழுக்கி விழாமல் அது தடுக்கும். மூலைகளில் மட்டும் சட்டத்தை விட்டுவிட்டோம். சோற்றுப் பருக்கையைத் துணியால் வழித்துத் தள்ள ஒரு வாயில் வேண்டுமல்லவா! எல்லா மூலைகளையும் 60 மி.மீ. ஆரத்தில் வளைத்தோம். படகில் கூர்மூலை என்பது என்றாவது ஒருநாள் யாரோ ஒருவரின் விலாவுக்காகக் காத்திருப்பது.

விரித்த சிறகைத் தாங்குவது ஒரு சிறு மரக்கதவு. தண்டின் பக்கத்தில் குடைந்த பள்ளத்துக்குள் அது படிந்திருக்கும். சிறகைத் தூக்கியதும் ஒரு மீள்கயிறு அக்கதவை வெளியே இழுக்கும். சிறகின் அடியில் வெட்டிய காடிக்குள் கதவின் மேல்விளிம்பு சென்று அமரும். சிறகின்மேல் பாரம் ஏற ஏற, கதவு காடிக்குள் இன்னும் இறுகும். முழங்கால் தற்செயலாகக் கதவில் மோதினாலும் அது நகராது. மடக்க வேண்டுமானால் முதலில் சிறகின் விளிம்பை ஒரு விரற்கடை அளவு மேலே தூக்க வேண்டும், அப்போது காடி விடுபடும். கை சிறகைத் தூக்கியிருக்க, முழங்காலால் கதவை உள்ளே தள்ளிவிட்டுச் சிறகை இறக்கலாம். பிணைச்சலின் மேலே இரு பலகைகளுக்கும் நடுவில் 1 மி.மீ. இடைவெளி விட்டது இதற்காகவே. இல்லையேல் சிறகு மட்டத்துக்குமேல் உயராது. ஆக, விரிக்க ஒரு கை, மடக்க ஒரு கையும் ஒரு முழங்காலும். இரண்டாவது கைக்கு எங்கும் வேலை இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பெரியண்ணாவிடம் விளக்கியபோது, ஒரு கைக்கு ஏற்றவாறு எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறோம் என்று சற்றே பெருமிதத்தோடு சொன்னோம். அவர் நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “நோயாளிக்கு மேசை செய்யாதீர்கள். படகுக்குச் செய்யுங்கள். கடலில் எவனுக்கு இரண்டு கை இருக்கிறது?” என்றார்.

மாலுமிகளிடையே வழங்கும் பழைய விதி ஒன்று உண்டு. கப்பலில் வேலை செய்யும்போது ஒரு கை வேலைக்கு, மற்றது உன்னைப் பிடித்துக்கொள்வதற்கு என்பது அது. பெரியண்ணா அதைத்தான் சொன்னார். நல்ல உடம்போடு இருக்கும் நாங்களும் படகு புரளும்போது ஒரு கையால் எதையேனும் பற்றியிருக்கிறோம். மிச்சமிருக்கும் ஒரு கையால்தான் தேநீர் ஊற்றுகிறோம், வரைபடம் விரிக்கிறோம், மேசையை மடக்குகிறோம். அவ்வளவு காலமும் எங்கள் மூவருள் ஒருவருக்கு மட்டும் ஏதோ குறைந்துவிட்டதாக எண்ணி அவருக்காகத் தனியே திட்டமிட்டோம். கடலின் கணக்கில் மூவரும் ஒற்றைக் கையர்களே. வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மேசையை ‘அண்ணாவின் மேசை’ என்று சொல்வதை நிறுத்திவிட்டோம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல்நாட்டார் தட்டு, முள்கரண்டி என்று எண்ணியே படகு மேசைகளின் விளிம்பை அளந்திருக்கிறார்கள். நாங்கள் சோற்றையும் கறியையும் கையால் பிசைந்து உண்பவர்கள். உண்ணும் கை உண்டுகொண்டிருக்கும்போது தட்டைப் பிடிப்பது யார்? தட்டையான கோப்பையை விட்டுவிட்டு ஆழமான கிண்ணங்களுக்கு மாறினோம். கிண்ணத்தின்கீழ் வழுக்காத இறப்பர் விரிப்பு. தண்டின் மேற்பகுதியைப் பெட்டிபோல் ஆக்கி, மூடி வைத்து, அதனுள் உப்பு, ஊறுகாய், தண்ணீர்ப் போத்தல்கள் நிற்கக் குழிகள் அமைத்தோம். சொதியைப் பற்றி அண்ணி முடிவு சொன்னார். கடலுக்குக் கொண்டுபோகும் சொதி சற்றே தடிப்பாக இருக்கட்டும் என்று. ஊசல் மேசையின் ஈயப் பாரம் செய்யாததை இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் செய்துவிட்டது.

2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மரவேலை நடந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் குளிரில் கார்க்கொட்டகையில் எபொக்சிப் பசை இறுகாது. ஆகவே ஒட்டும் வேலை முழுவதும் அண்ணியின் அடுக்களையில் நடந்தது. மூன்று வாரம் அவ்வீட்டில் சோற்று மணத்தோடு பசையின் மணமும் கலந்திருந்தது. அண்ணி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரியண்ணா நாற்காலியில் அமர்ந்து, வலது கையால் உப்புத்தாளைப் பிடித்து விளிம்புகளைத் தேய்த்தார். நாங்கள் பத்து நிமிடத்தில் தேய்ப்பதை அவர் ஒரு மணி நேரம் தேய்த்தார். அவர் தேய்த்த விளிம்புகளே நல்ல விளிம்புகள்.

மேசையைப் படகில் பொருத்திய அன்று, தண்டின் மேல்விளிம்பில் கயிறு கட்டி, விற்றராசு மாட்டி, பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தோம். 50 கிலோ, 80 கிலோ, 100 கிலோ. 100 கிலோவில் மேல்விளிம்பு 4 மி.மீ. அசைந்து, கயிற்றைத் தளர்த்தியதும் பழைய இடத்துக்கு மீண்டது. சிறகுகளை அவ்வாறு சோதிக்கவில்லை. சிறகு தட்டுக்கு, தண்டு மனிதனுக்கு. படகில் ஏறும் எவருக்கும் நாங்கள் முதலில் சொல்லும் செய்தி இதுவே. எல்லாவற்றையும் தாங்கும் மேசையைச் செய்ய எங்களால் இயலாது. எது தாங்கும், எது தாங்காது என்பதை ஒளிக்காத மேசையைச் செய்ய முடிந்தது.

அண்ணி சொன்ன தவணைக்குள், 2024 ஏப்ரலில், அவரே வந்து படகின் உள்ளே ஓர் ஓரத்தில் அமர்ந்தார். பெரியண்ணா படியிறங்கி, இடப்பக்க வழியாகப் போய், குறுக்குத்தடுப்பைத் தொட்டு, மறுபக்கமாகத் திரும்பி வந்தார். படகு துறையில் கட்டியிருந்ததால் அசைவு இல்லை. அண்ணி ஒன்றும் சொல்லாமல் கரைக்கு ஏறிவிட்டார். ஜூன் மாதத்தில் விரிகுடாவுக்குள் முதன்முறையாகப் பாய் விரித்தோம். காற்று மிதமாக இருந்தது, படகு பதினைந்து பாகை சாய்ந்து ஓடியது. தாழ்ந்த பக்கத்துச் சிறகை மட்டும் விரித்து உணவு வைத்தோம். உண்ட பின் பெரியண்ணா தாமே எழுந்து சென்றார், சுற்றித் திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் சுக்கானையும் பாயையும் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

படகு விற்கப்படவில்லை. அதன்பின் இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன. பெரியண்ணாவின் இடது கை அப்படியேதான் இருக்கிறது. மேசை அதை மாற்றவில்லை, மாற்றும் என்று எவரும் எண்ணவும் இல்லை. தொலைவான பயணங்களை அவர் தாமாகவே கைவிட்டுவிட்டார். காற்று கடுமையாக இருக்கும் நாட்களில் கரையில் நின்று எங்கள் கயிறுகளைக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இந்த முறை பருவம் முடிந்து படகைக் கழுவியபோது ஒன்றைக் கவனித்தோம். தண்டின் மேல்விளிம்பில், சுற்றிலும், வார்னிஷ் மங்கித் தேய்ந்திருந்தது. பின்முனையின் வளைவில் மரமே தெரிந்தது. படியிறங்கியதும் கை முதலில் படும் இடம் அது. பெரியண்ணாவின் கை பட்டுத் தேய்ந்தது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு, நாங்கள் இருவரும் படியிறங்கும்போது எங்கள் கைகள் எங்கே போகின்றன என்று பார்த்தோம். அதே வளைவுக்குத்தான் போயின. நாங்களும் எப்போதோ வலம் வரத் தொடங்கியிருந்தோம். இக்குளிர்காலத்தில் அந்த இடத்துக்கு மறுபடி வார்னிஷ் பூச வேண்டும். மூன்று பூச்சாவது வேண்டும் என்கிறார் பெரியண்ணா. உப்புத்தாளை வாங்கி வைத்துவிட்டார்.